கையெழுத்துப் போடுமுன் கேளுங்கள்!

(மும்பையில் பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, பேச்சு வரவில்லை, படிப்பு ஏறவில்லை என்றால் பள்ளியில் நம்மை அழைக்கிறார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் தலைமையாசிரியரும் சிறப்பாசிரியரும். இந்தப் பக்கம் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்த தாய். பேச்சு மராத்தியிலோ இந்தியிலோ நடக்கிறது. கடைசியில் ஒரு தாளை நீட்டுகிறார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். இந்த வழக்கம் ஒழிய வேண்டும்!

அங்கே நாம் சலுகை கேட்டுப் போகவில்லை. 40 விழுக்காடும் அதற்கு மேலும் ஊனமுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டு. அருகிலுள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்ந்துகொள்ளவும் உரிமை உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 31ஆம் பிரிவு இது. ஊரில் வாங்கிய ஊனச் சான்றிதழ் இங்கே செல்லாது என்பார்கள். நம்பாதீர்கள். அது நாடு முழுவதும் செல்லும் என்கிறது அதே சட்டத்தின் 58ஆம் பிரிவு.

முதல் கேள்வி மொழியைப் பற்றியதாக இருக்கட்டும். வீட்டில் தமிழ் மட்டுமே பேசும் பிள்ளையை இந்தியில் சோதித்து ‘மந்தம்’ என்று எழுதினால், குறை பிள்ளையிடமா, சோதனையிடமா? “எந்த மொழியில் சோதித்தீர்கள்?” என்று கேளுங்கள். இரு மொழியும் அறிந்த ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள். பிள்ளை வீட்டில் எதைச் செய்கிறது, எதில் திணறுகிறது என்று எழுதி எடுத்துப் போங்கள். அவர்கள் பார்ப்பது சில மணி நேரம். நீங்கள் பார்ப்பது பிறந்த நாள் முதல்!

அடுத்து, தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு ஆகியவற்றைக் கேளுங்கள். 17ஆம் பிரிவு இவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்று மொழிகளுக்கு நடுவே அல்லாடும் நம் பிள்ளைகளுக்கு இந்த விலக்கு சிறிய உதவியல்ல.

வாய்ப்பேச்சு நீர்மேல் எழுத்து. யார் கற்றுத்தருவார், வாரத்தில் எத்தனை மணி நேரம், மறு கூட்டம் எப்போது என்பதெல்லாம் தாளில் ஏற வேண்டும். அதைத் தமிழில் படித்துச் சொல்லக் கேட்ட பிறகே கையெழுத்து. நகல் கையில் வந்த பிறகே வீடு.

தனியாகப் போகாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். குழுவில் பாதிப்பேர் பெண்கள். அந்த இடங்களில் நம் தாய்மார்கள் உட்காரட்டும். ஒரு தாய் கேட்டால் முணுமுணுப்பு. பத்துத் தாய்மார் கேட்டால் பதில் வந்தே தீரும்!