சேறு காத்த தாங்கி



வன்னி நாட்டிலே 'தாங்கி' என்னுஞ் சொல் இரண்டு பொருள் தரும். ஒன்று நீர்த்தாங்கி; மற்றையது யுத்த தாங்கி. ஆங்கில மொழியிலும் அவ்வாறே. இரணைமடுக் குளத்தைக் குறிக்க ஆங்கில ஏடுகளில் வழங்கும் சொல்லே யுத்த தாங்கிக்கும் பெயராயிற்று. முதலாம் உலகப் போரின்போது, 1916 ஆம் ஆண்டிலே பிரித்தானியர் அந்த இரும்பு வண்டியை முதன்முதலாகப் போர்க்களத்தில் இறக்கினர். அதுவரை இரகசியம் வெளியாகாதிருக்கும் பொருட்டு, நீர் கொள்ளும் கலங்களைச் செய்வதாகவே பாவனை செய்தனர். அப்பெயரே பின்னர் நிலைத்துவிட்டது.

இத்தகைய தாங்கியொன்று ஏரியின் அடியிலே ஐம்பத்தாறு ஆண்டுகள் துயின்று மீண்ட கதை ஒன்றுண்டு. அது நிகழ்ந்தது வட ஐரோப்பாவிலுள்ள எசுத்தோனியா நாட்டில். 1944 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், அந்நாட்டின் கிழக்கெல்லையிலிருந்து ஜேர்மன் படைகள் பின்வாங்கின. சோவியத்துப் படையிடமிருந்து தாம் கைப்பற்றித் தமது சிலுவைக் குறியைத் தீட்டியிருந்த ரி-34 வகைத் தாங்கி ஒன்றை அவர்கள் குர்த்னா மத்தாஸ் என்னும் சிற்றேரியில் இறக்கி மறைத்தனர் என்பர். அக்காலத்தில் அவ்வூர்ச் சிறுவன் ஒருவன், கரையிலிருந்து ஏரிக்குள் இறங்கிய தடங்களைக் கண்டான். அந்தத் தடங்கள் மீண்டும் கரையேறவில்லை. நீரின்மேல் நெடுநாள் குமிழிகள் எழுந்ததையும் கண்டான். அவன் நீரில் இறங்கித் தேடவில்லை. இடத்தை மட்டும் நினைவில் இருத்திக்கொண்டான். முதியவனான பின்னர், போர்க்கால வரலாற்றை ஆராயும் உள்ளூர்க் கழகத்தாரிடம் அதனைக் கூறினான்.

அவர்கள் சுழியோடிப் பார்த்தபோது, ஏறக்குறைய மூன்று மீற்றர் தடிப்பான சேற்றுப் படையின் கீழ்த் தாங்கி கிடப்பது தெரிந்தது. 2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் 14 ஆம் நாள், சுரங்க வேலைக்குரிய பென்னம்பெரிய புல்டோசர் ஒன்றைக் கொண்டு, தடித்த உருக்குக் கயிற்றினால் அதனைக் கரைக்கு இழுத்தனர். கரையேறிய தாங்கியிலே துரு மிகச் சொற்பம். தீட்டிய சிலுவைக் குறியும் அழியவில்லை. அதனுள்ளே 116 குண்டுகளும் அப்படியே இருந்தன.

இதற்கு மாறான காட்சி ஒன்றை முல்லைத்தீவுக் கரையிலே பலர் கண்டிருப்பர். 2006 ஆம் ஆண்டு இறுதியில், இந்தியாவிலிருந்து அரிசி ஏற்றித் தென்னாபிரிக்கா நோக்கிச் சென்ற பாரா-3 என்னும் கப்பல் அங்கே தரை தட்டியது. உப்புக் காற்றிலும் அலையிலும் நின்ற அந்தக் கப்பல் சில ஆண்டுகளுக்குள் துருவேறிய வெறுங்கூடாயிற்று. ஐம்பத்தாறு ஆண்டு கிடந்த இரும்பு பிழைத்தது. சில ஆண்டு நின்ற இரும்பு அழிந்தது. இதன் காரணம் யாது?

வீட்டுக் கப்பு நாட்டியவர் எவரும் இதனை ஓரளவு அறிவர். கப்பு முதலில் உக்குவது நிலமட்டத்திலேயாம். ஆழப் புதைந்த பகுதி நெடுநாள் நிற்கும். உக்குவதற்கும் துருப்பிடிப்பதற்கும் ஈரம் மாத்திரம் போதாது. காற்றிலுள்ள ஒட்சிசனும் வேண்டும். ஏரியடிச் சேற்றிலே மக்கிய தாவரங்களை உண்ணும் நுண்ணுயிர்கள், அங்குள்ள சிறிதளவு ஒட்சிசனையும் தாமே செலவிட்டு விடுகின்றன. புதிய ஒட்சிசன் அந்தத் தடித்த சேற்றை ஊடுருவிச் செல்வது அரிது. ஆகவே இரும்பு தப்புகின்றது. ஆயினும் எல்லாச் சேறும் ஒன்றல்ல. நந்திக்கடல் போன்ற களப்புகளின் உவர்ச்சேற்றிலே ஒட்சிசன் இல்லாமலே இரும்பை அரிக்க வல்ல நுண்ணுயிர்களும் வாழக்கூடும். உப்பேறிய இரும்பை வெளியே எடுத்து வாளாவிட்டால் அது விரைவிலே உதிரும். காரநீரில் மாதக்கணக்காக, சிலவேளை ஆண்டுக்கணக்காக ஊறவைத்தே உப்பை அகற்றல் வேண்டும். எடுப்பது ஒரு நாள் வேலை; காப்பது பல்லாண்டு வேலை.

நேயர்களே, இக்கதையில் வன்னி மக்கள் சிந்திக்கவேண்டிய பகுதி அந்த 116 குண்டுகளே. சேறு நல்லது கெட்டது பார்ப்பதில்லை. இரும்பைக் காத்த சேறு வெடிமருந்தையும் காக்கும். 2009 ஆம் ஆண்டு மே மாதம் போர் முடிந்தது. ஆனால் வயலிலும் வாய்க்காலிலும் குளத்தடியிலும் புதைந்த வெடிபொருள்களுக்கு அச்செய்தி தெரியாது. மிதிவெடிகள் பலவற்றின் உறை பிளாஸ்டிக்கினால் ஆனது. அதற்குத் துருவே இல்லை. வெளியே துருப்பிடித்த எறிகணையின் உள்ளிருக்கும் மருந்தும் வலுவிழந்திருக்கும் என்று எண்ணுவது பெருந்தவறு.

2002 ஆம் ஆண்டு முதல் ஹலோ டிரஸ்ட் போன்ற நிறுவனங்களும் இராணுவப் பிரிவினரும் இந்த மண்ணைச் சாண் சாணாகச் சோதித்து வந்துள்ளனர். முழந்தாளிட்டு மண்ணைக் கிளறும் அப்பணியில் வன்னிப் பெண்கள் பலரும் ஈடுபட்டுள்ளனர். மிதிவெடிகளைத் தடைசெய்யும் ஒட்டாவா உடன்படிக்கையிலே இலங்கை 2017 ஆம் ஆண்டு டிசெம்பரில் இணைந்தது. இத்தனைக்கும் பின்னரும், பழைய இரும்பின் விலையை எண்ணி மண்வெட்டியால் தோண்டுவோர் உளர். குளம் வற்றிய கோடையிலே மினுங்கும் பொருளைக் கையிலெடுக்கும் பிள்ளைகளும் உளர். வறுமை அவர்களைத் தோண்டச் செய்கின்றது என்பது மெய்யே. எனினும் ஒரு கிலோ இரும்பின் விலைக்கு ஒரு கையும் ஈடாகாது. ஒரு கண்ணும் ஈடாகாது.

எனவே, பெற்றோரும் ஆசிரியரும் எசுத்தோனியச் சிறுவனின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லுதல் நன்று. அவன் செய்தவை மூன்று: கண்டான், இடத்தை மனத்தில் இருத்தினான், அறிந்தவரிடம் சொன்னான். தோண்டியவனும் அவனல்லன், இழுத்தவனும் அவனல்லன். ஆயினும் அவன் சொல் இல்லையேல் அந்தத் தாங்கி இன்றும் சேற்றுள்ளேதான் கிடக்கும். வன்னிப் பிள்ளைகள் ஒன்றில் மட்டும் அவனை விஞ்ச வேண்டும். அவன் முதுமைவரை காத்திருந்தான். இவர்கள் அன்றைக்கே கிராம அலுவலரிடமோ பொலிஸாரிடமோ சொல்லிவிட வேண்டும். தொடாமல் வந்து சொன்ன பிள்ளைக்கு அந்த வீட்டிலே ஏச்சு விழாதிருக்கட்டும், பாராட்டே கிடைக்கட்டும்.