படம் கேட்க இரண்டு வாசல்



எழுதிக் கேட்டால் கணினி படம் போட்டுத் தரும். மிட்ஜர்னி என்ற அமெரிக்க நிறுவனம் இதை 2022 ஜூலையில் எல்லோருக்கும் திறந்தது. அப்போது டிஸ்கார்டு என்ற அரட்டைக் கூடமே அதற்கு வழி. அங்கே பலரும் ஒன்றாகக் கேட்பார்கள். புதியவர் அதைப் பார்த்துப் பழகலாம். ஆனால் அவருடைய படம் கூட்டத்தில் மேலே ஓடிவிடும். பிறகு தேட வேண்டும்.

2024 ஆகஸ்டில் இணையதளமும் எல்லோருக்கும் திறந்தது. அங்கே அவரவர் படங்கள் வரிசையாக இருக்கும். அளவை மாற்றப் பொத்தான் உண்டு.

பழகக் கூடம் நல்லது. வேலைக்குத் தளம் நல்லது.

ஆனால் தளமும் பூட்டிய அறை அல்ல. கூடுதல் கட்டணம் கட்டாவிட்டால் பிறரும் படத்தைப் பார்ப்பார்கள். ஆகவே பிள்ளைகளின் புகைப்படத்தை இரண்டிலும் கொடுக்காதீர்கள்.