பில்லரை மாற்றும்போது



இஞ்சினியரைப் பேச விட்டால் சிமெண்ட், கம்பி என்று ஆரம்பித்துவிடுவான் என்று பயப்பட வேண்டாம். டி.வி. சீரியலைப் பற்றித்தான் பேசப்போகிறேன். களியக்காவிளைக்காரர்களுக்கு இந்தப் பக்கத்து 'பாண்டியன் ஸ்டோர்'ஸும் தெரியும், அதையே மலையாளத்தில் எடுத்த 'சாந்த்வன'மும் தெரியும்.

சன் டி.வி.யில் 2022-ல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' ஞாபகம் இருக்கும். ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-ம் தேதி, அந்தச் சீரியலுக்கே டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து காலமானார். பிறகு எழுத்தாளர் வேல ராமமூர்த்தி அந்த வேடத்துக்கு வந்தார். எங்க அம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ஆளு கொள்ளாம் மக்கா, ஆனா இது நம்ம குணசேகரன் இல்லல்லா!"

மாரிமுத்து அதட்டினால் கோபமும் வரும், சிரிப்பும் வரும். புதியவரிடம் கோபம் மட்டும்தான் மிஞ்சியது. மருமகள்கள் எதிர்த்து நிற்கிற கதை, கடத்தல் அது இது என்று இழுபட்டு, 2024 ஜூனில் முடிந்தது. அந்த டிசம்பரில் இரண்டாம் பாகம் வந்தபோது ஜனனியும் வேறு நடிகை.

ஆனால் 'பாண்டியன் ஸ்டோர்'ஸைப் பாருங்கள். முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தார். காவ்யா வந்தார், அப்புறம் லாவண்யா. ஜனங்களுக்கு வருத்தம்தான்; ஆனாலும் 2023 அக்டோபர் வரை ஓடியது. காரணம், அண்ணன் தம்பி நாலு பேர், அவர்கள் குடும்பம், ஒரு மளிகைக் கடை என்று பாரம் பிரிந்து கிடந்தது. 'எதிர்நீச்சல்' முழுக்க ஒரே பில்லரில் நின்றது.

சைட்டில் பில்லரை எடுப்பதற்கு முன்னால் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுத்து, பாரத்தை அக்கம்பக்கத்துக்கு மாற்றுவோம். 'எதிர்நீச்ச'லில் அதற்கு நாலு மருமகள்கள் தயாராக இருந்தார்கள். கதையை அவர்கள் கையில் கொடுத்திருக்கலாம். அதை விட்டு, காலியான நாற்காலிக்கு ஆள் தேடினார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நம்ம சங்கத்தையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். முகவரி, போன் நம்பர், வரவு செலவு எல்லாம் ஒரே மனிதரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. அவர் நூறு வருஷம் நல்லா இருக்கட்டும். ஆனால் இன்றைக்குச் சாப்பிட்டுப் போகுமுன், ஒவ்வொரு செட்டிலிருந்தும் ஒருத்தராவது முன்வந்து அந்த நோட்டைப் பார்த்து ஒரு பிரதி எழுதிக்கொள்ளுங்கள். முட்டு இப்போதே கொடுப்போம்.