நீருக்கடியில் ஒரு நிலப்படம்



நீங்கள் பள்ளியில் வரையும் நிலப்படத்தில், சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தையும், அதற்கும் வடக்கே பழவேற்காட்டு ஏரியையும் காண்பீர்கள். ஆனால் அந்த நீருக்கடியில் என்ன நிகழ்கிறது என்பதை அப்படம் கூறாது. அதைக் கூற வல்லவர்கள் மீனவர்கள்.

சில ஆண்டுகளாக இந்நீர்ப்பரப்பில் கருநிறச் சிப்பி ஒன்று பெருகி வருகிறது. விலங்கியலார் இதனை 'மைட்டெல்லா ஸ்ட்ரைகேட்டா' என்பர்; மீனவர் இட்ட பெயரோ 'காக்கா ஆழி'. மத்திய அமெரிக்க, தென்னமெரிக்கக் கரைகளே இதன் தாயகம். கப்பல்கள் நிலைப்புக்காக ஒரு துறைமுகத்தில் ஏற்றி, வேறொரு துறைமுகத்தில் இறைத்துவிடும் நீரோடும், கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டியும் இத்தகைய உயிர்கள் கடல் கடக்கின்றன. நீரில் உப்பு மிகினும் குறையினும் இச்சிப்பி தாங்கும். இழைகளால் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, சேற்றின்மேல் பாய் விரித்தாற்போலப் படியும். அதனடியில் மஞ்சள் மட்டி மூச்சடைத்து மடியும். புதைய இடமின்றி இறால் அகலும். கையால் தடவி இறால் பிடித்து வாழ்வோரின் கூடை வெறுமையாகும்.

இதனை அகற்ற வேண்டுமாயின், எங்கே பரவியுள்ளது, எப்பொழுது வந்தது, எவ்வளவு அடர்ந்துள்ளது என்ற மூன்றும் தெரிதல் வேண்டும். ஆய்வுப் படகு ஆண்டில் சில நாட்களே வரும். கலங்கிய நீரின் அடித்தளம் வானிலிருந்து நோக்கும் கருவிகளுக்கும் எளிதில் புலப்படாது. மீனவரின் காலும் கையும் வலையுமோ நாள்தோறும் அந்தச் சேற்றைத் தொடுகின்றன. கேரளத்தின் அஷ்டமுடிக் காயலிலும் இதே சிப்பி பரவியபோது, அங்குள்ள மீனவர் அதனை 'வரத்தன் கக்கா' என்று அழைத்தனர். வெளியிலிருந்து வந்தது என்னும் பொருள் அப்பெயரிலேயே அடங்கியிருப்பதைக் காணுங்கள்.

பழவேற்காட்டில் 'பாடு' என்றொரு மரபு உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை வகுத்துக்கொண்டு, உரிமையுடையோர் முறைவைத்து அவற்றில் வலையிடுவர். ஆகவே ஓர் இடத்தை ஒருவர் மட்டுமன்றிப் பலரும் அறிவர். படம் வரைவோர்க்கு இதைவிடச் சிறந்த துணை வேறில்லை. ஒவ்வொருவரையும் தனித்தனியே வினவி, பலருடைய விடைகளும் ஒத்திருக்கும் இடத்தைக் குறிக்கலாம். ஆண்டு நினைவில்லையெனில், '2015 வெள்ளத்திற்கு முன்னா பின்னா? 2016 வர்தா புயலுக்கு முன்னா பின்னா?' என்று கேட்டால் காலம் தெளியும்.

எனினும் மனித நினைவு பிழைபடக் கூடியது. ஒரு சிப்பியை மற்றொன்றாகக் கருதுதலும் நேரும். ஆதலின் சிப்பிகளைக் கையில் கொடுத்து அடையாளம் கேட்க வேண்டும். குறித்த இடத்திலிருந்து மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் உறுதி செய்ய வேண்டும். மீனவர் காட்டும் இடத்தை அறிவியல் சோதிக்கிறது. அறிவியல் தேட வேண்டிய இடத்தை மீனவர் காட்டுகிறார். இரண்டில் ஒன்று குறையினும் படம் நிறைவுறாது.

மாணவர்களே, நாளை உங்களுள் சிலர் கடலாய்வாளர் ஆகக்கூடும். அன்று கருவிகளோடு கரையில் இறங்குமுன், வலையை உலர்த்திக்கொண்டிருக்கும் பெரியவரிடம் சற்று அமர்ந்து கேளுங்கள். அவர் தந்த செய்தியை உங்கள் படத்தில் குறிக்கும்போது, தந்தவர் அவர் என்பதையும் எழுதுங்கள். வரைந்து முடித்த படத்தை அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள். அந்த நீரை நம்பி வாழ்பவர் அவரே அன்றோ?