விளம்பரமும் விவேகமும்
(எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



உணவைக் குறைக்க வேண்டாம், உடலை வருத்த வேண்டாம், ஒரு மாதத்தில் மெலியலாம் என்று கூவி விற்கப்படும் மாத்திரைகளை நாம் அறியாதவர் அல்லர். பத்திரிகையை விரித்தாலும் கைத்தொலைபேசியைத் திறந்தாலும் அவையே முன்வந்து நிற்கின்றன. அவ்வார்த்தைகளில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

உதாரணந் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. கறிக்குப் போடும் கொறுக்காய்ப்புளியைச் சிங்கள மக்கள் ‘கொரக்கா’ என்பர். அதுவே ‘கார்சீனியா கம்போஜியா’ என்னும் பெயர் சூடி, போத்தலில் அடைபட்டு, மெலிவு மருந்தாக உலகை வலம் வருகிறது. சட்டியிற் கிடந்தபோது எவரையும் மெலிவிக்காத புளி, போத்தலிற் புகுந்ததும் சித்தி பெற்றுவிட்டதாம்!

விளம்பரகாரர் முழுப் பொய் சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அப்பழத்தின் தோலில் ஐதரொட்சிசித்திரிக்கமிலம் உண்டு. மாச்சத்துக் கொழுப்பாக மாற உதவும் நொதியம் ஒன்றை அது தடுக்கும் என்பது ஆய்வுகூடத்திற் கண்ட உண்மை. ஆனால் ஆய்வுகூடத்தில் நிகழ்வதெல்லாம் மனித உடலிலும் நிகழுமா?

நியூயோர்க் ஆராய்ச்சியாளர் 135 பேரைக்கொண்டு இதனைச் சோதித்தனர். ஒரு சாராருக்கு நாளொன்றுக்கு 1500 மில்லிகிராம் அமிலமும், மறுசாராருக்கு மருந்தற்ற வெறுங் குளிகையும் 12 வாரம் கொடுத்தனர். யாருக்கு எது என்பது மறைக்கப்பட்டிருந்தது. இரு சாராருக்கும் குறைந்த உணவே விதிக்கப்பட்டது. 1998இல் முடிவு வெளியாயிற்று. மருந்துண்டோர் சராசரி 3.2 கிலோ குறைந்தனர். வெறுங் குளிகை உண்டோரோ 4.1 கிலோ குறைந்தனர்! இவ்வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியதே. மருந்தால் பயனில்லை என்பதே முடிவு. மெலிவித்தது உணவுக் கட்டுப்பாடு; புகழைப் பெறுவது போத்தல்.

“ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது” என்ற முத்திரையையாவது நம்பலாமா? பச்சைக் கோப்பிக்கொட்டைச் சாற்றின் கதையைக் கேளுங்கள். இந்தியாவில் 16 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வைக் காட்டி அது உலகெங்கும் விற்கப்பட்டது. அவ்வாய்வில் நிறைகள் மாற்றி எழுதப்பட்டன என்று அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு 2014இல் குற்றஞ்சாட்டியது. ஆய்வைச் செய்வித்த கம்பனி 35 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அதே ஆண்டு ஆய்வுக்கட்டுரையும் மீளப்பெறப்பட்டது. ஆனால் ஏமாந்தோர் கொடுத்த காசும், வீணே காத்திருந்த காலமும்?

காசோடு போனாலும் ஆறுதல். கார்சீனியா உண்டோரிற் சிலருக்கு ஈரல் பழுதடைந்ததை வைத்தியர்கள் பதிவு செய்துள்ளனர். இருதயத்துக்குத் தீங்கென 2010இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுத்திரமீன் என்னும் மருந்து, ‘இயற்கை மூலிகை’ என்று விற்ற குளிகைகளுள் ஒளித்து வைக்கப்பட்டிருந்ததும் உண்டு.

அன்பர்களே, விற்பவனை மட்டும் குறை கூறி நாம் தப்பிவிட முடியாது. கலியாண வீட்டிலே பருத்த பெண்ணைப் பார்த்து நகைப்பவர் யார்? வகுப்பிலே தோழனுக்குப் பட்டப்பெயர் சூட்டுபவர் யார்? நாமல்லவா! நம் கேலியால் வெந்த உள்ளமே அவ்வியாபாரியின் முதல் வாடிக்கையாளர். சரீரத்தை ஆன்மா உறையும் ஆலயமென்று மேடையிலே பேசுகிறோம். அவ்வாலயத்தைப் பழித்து நகைப்பது எந்தச் சமயம்?

ஆகையால் இரண்டு காரியங்களை இன்றே மேற்கொள்வோம். விளம்பரம் எதைக் கண்டாலும், “வெறுங் குளிகை உண்டவர் எவ்வளவு குறைந்தார்?” என்று கேட்போம். மெலிய வேண்டியவரைக் கேலி செய்யாது, அவரோடு மாலையிலே உடன் நடப்போம். ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரும் அங்கே பெரிதும் பேசியது அளவறிந்து உண்பதைப் பற்றியே. அதற்குப் போத்தலும் வேண்டாம்; விலையும் இல்லை.