முடி துறத்தலும் முடி இறக்கலும்



1936ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் எட்டாம் எட்வர்டு, தம்பியர் மூவர் சான்றொப்பமிட, அரசைக் கைவிடும் ஆவணத்தில் கையெழுத்திட்டார். மறுநாள் அது சட்டமாயிற்று. மணவிலக்குப் பெற்ற வாலிஸ் சிம்சனை மணக்க விரும்பியதே காரணம். தமிழில் இதனை 'முடி துறந்தார்' என எழுதுவது வழக்கம். ஆயின் எட்வர்டுக்கு முடிசூட்டு விழாவே நடைபெறவில்லை. 1937 மே 12ஆம் நாளுக்கெனக் குறித்த விழாவில் முடி சூடியவர் தம்பி ஆறாம் ஜார்ஜ். சூடாத முடியைத் துறந்தவர் என்னும் பெயர் இளங்கோவடிகளுக்குப் பொருந்தும். அவர் தமையனுக்காகத் துறந்தார். எட்வர்டின் செயலைத் துறவு எனல் தகுமா?

ஆங்கில நாட்டிலும் இச்சொல் நேர்மையாகப் பிறந்ததன்று. 1399இல் இரண்டாம் ரிச்சர்டு கோட்டைச் சிறையிலிருந்து அரசைக் கைவிட்டான். மலர்ந்த முகத்தோடு கையெழுத்திட்டான் என்கிறது வென்றவர் எழுதிவைத்த ஆவணம்! மறு ஆண்டே சிறையில் மடிந்தான். 1688 டிசம்பரில் இரண்டாம் ஜேம்ஸ் அரசு முத்திரையைத் தேம்ஸ் ஆற்றில் எறிந்துவிட்டு ஓடினான். பிடிபட்டு, மீண்டும் தப்பிப் பிரான்சு சேர்ந்தான். ஓடியவனை என்னென்பது? மக்களவையோர் 'துறந்தான்' என்றனர்; பிரபுக்கள் அவையோர் 'விட்டகன்றான்' என்றால் போதும் என்றனர். 1689 பிப்ரவரியில் இரு அவைகளும் கூடி இச்சொல்லுக்காக வழக்காடின. அரசனை நீக்கினோம் என்னாமல் அரியணை காலி என்று சொல்ல ஒரு சொல் வேண்டியிருந்தது. முடிவில் 'துறந்தான்' வென்றது. ஸ்காத்லாந்தினரோ 'உரிமையை இழந்தான்' என்று வெளிப்படையாகவே எழுதினர். சொல்லை ஆளும் புலவர்க்கு இவ்வழக்கு நல்ல பாடம்.

இனிக் காஞ்சிக்கு வருவோம். பல்லவர் குலத்து ஐயடிகள் காடவர்கோன், வடமொழியும் தென்தமிழும் தம் அவையில் தழைக்க ஆண்டவர். அரசாட்சி இன்னல் எனக் கண்டு, அதனை மைந்தன்மேல் வைத்துவிட்டுத் தலங்கள்தோறும் சென்று வெண்பாப் பாடினார். அவர் பாடிய சேத்திரத் திருவெண்பா இருபத்துநான்கும் பதினொராம் திருமுறையில் உள்ளன. பெரும்பாலும் மூப்பையும் சாக்காட்டையுமே அவை பேசுகின்றன. முடியரசர் செல்வத்தினும் ஓடேந்தி உண்பது மேல் என்கிறது ஒரு வெண்பா.

இவ்வரலாற்றைப் பாடும் சேக்கிழார் ஆளும் வினை 'இழிச்சி' என்பது. தலைச்சுமையை இறக்கிவைத்தல் என்று பொருள். துறத்தல் என்றால் துறந்தவரோடு செய்தி முடிந்துவிடும்; இறக்கிய சுமைக்கோ தாங்க ஓர் இடம் வேண்டும். எட்வர்டு இறக்கிய சுமை தம்மேல் விழப்போகிறது என்று உறுதியானபோது, தாய் மேரி அரசியார் முன் குழந்தைபோல் விம்மி அழுததாக ஆறாம் ஜார்ஜ் தம் நாட்குறிப்பில் எழுதினார்.

சுமக்க வருபவரின் கதையைக் கல்லில் காட்டுவது வைகுந்தப் பெருமாள் கோயில். எட்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பரமேச்சுரவர்மன் இறந்தபின் காஞ்சி அரசனின்றி நின்றது. கடிகையாரும் பிறரும் பல்லவர் கிளைவழியினனான இரணியவர்மனிடம் சென்று அரசன் ஒருவனை வேண்டினர். அவன் தன் மக்களை அழைத்துக் கேட்டான். சீமல்லன், இரணமல்லன், சங்கிராமமல்லன் மூவரும் தனித்தனியே போகமாட்டேன் என்றனர். இளையவன் பல்லவமல்லன் போவேன் என்றான். அகவை பன்னிரண்டு. தந்தை தயங்கினான், பெரியோர் தேற்றினர். அவனே இரண்டாம் நந்திவர்மனாய் அறுபதாண்டுக்கு மேல் ஆண்டு, இக்கோயிலையும் எடுத்தான். திருச்சுற்று மாளிகைச் சுவரில் இவ்வரலாறு புடைப்புச் சிற்பங்களாகவும், அவற்றினிடையே தமிழ்க் கல்வெட்டாகவும் இன்றும் உள்ளது. எழுத்துகள் பல சிதைந்துவிட்டன. மறுத்த அண்ணன்மார் பெயர்களையும் மறைக்காமல் வெட்டுவித்தான் என்பது கருதத்தக்கது. அரசை ஏற்க மறுத்தவர்க்கும் அச்சுவரில் இடம் உண்டு.

ஐயடிகளின் சுமையைத் தாங்கிய மைந்தனுக்கு அத்தகைய சுவர் இல்லை. தந்தை சுமையை இறக்கியபோது அவன் என்ன மறுமொழி கூறினான் என்பதைச் சேக்கிழாரும் பாடவில்லை.