வாசலில் தள்ளுவதா கல்வி?

(கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் பெற்றோர்கள் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



முந்தாநாள் குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயத் தோழர் ஒருவர் நம்மிடம் வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியிருக்கிறாள். வெளியூரில் ஒரு கல்லூரியாம். ஆயிரம் பேர் மனுப் போட்டால் நூறு பேரைத்தான் எடுப்பார்களாம். ஆகையால் அதுவே உயர்ந்ததாம். அதற்காகக் காணி நிலத்தை அடமானம் வைக்கப்போவதாகச் சொன்னார். "உள்ளே எப்படிச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டோம். அது அவருக்குத் தெரியாது. எத்தனை பேரைத் தள்ளுகிறார்கள் என்பது மாத்திரம் தெரிந்திருக்கிறது!

வாசலில் தள்ளுவதை உயர்வுக்கு அடையாளமாகக் கொள்ளும் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது? கோயில் வாசலிலிருந்து வந்ததென்றுதான் சொல்ல வேண்டும். நன்றாய்த் தேறின பிள்ளைகளையே பொறுக்கி எடுத்து, அவர்கள் மறுபடியும் தேறினால் அதில் கல்லூரியின் கெட்டிக்காரத்தனம் என்ன? கொழுத்த மாட்டைச் சந்தையில் வாங்கி வந்து, "பார், என் தீவனத்தின் மகிமை" என்பது போலத்தான்.

இதனால் கண்டிப்பான படிப்பு வேண்டாமென்று நாம் சொல்லுவதாக யாரும் நினைத்துவிடக்கூடாது. அது நம்மவர்களுக்குத்தான் அதிகமாக வேண்டும். பணக்காரன் பிள்ளையின் பட்டம் வெறும் காகிதமானாலும் மாமன் கம்பெனி இருக்கிறது. நம் பிள்ளைக்கு மூளையைத் தவிர வேறென்ன இருக்கிறது? சுலபமாய்ப் பட்டம் கொடுக்கும் கல்லூரி ஏழையை ஏமாற்றும் கல்லூரியே ஆகும்.

சிதம்பரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1920-ல் மீனாட்சி கல்லூரியாய்த் தொடங்கியது 1929-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆசிரியரும் மாணவரும் ஒரே எல்லைக்குள் குடியிருந்து படிக்கும் ஏற்பாடு. அங்கே முன்பு தமிழ் போதித்தவர்கள் ரா.பி.சேதுப்பிள்ளையும் சோமசுந்தர பாரதியாரும். 1943-ல் கம்பராமாயணத்தை அண்ணாதுரை கண்டித்தபோது, முன்னவர் சென்னையிலும் பின்னவர் சேலத்திலும் மேடையேறி அவரோடு வாதாடினார்கள். அவர்கள் கட்சி நமக்குச் சம்மதமில்லை. ஆனாலும் கேள்வி கேட்டவனை நாத்திகன் என்று ஒதுக்கி ஓடவில்லையே! நெடுஞ்செழியனும் அன்பழகனும் படித்ததும் அந்தப் பல்கலைக்கழகத்தில்தான்.

அதே இடம் பிற்காலத்தில் பண நெருக்கடியில் சிக்கி, 2013-ல் அரசாங்கம் சட்டம் செய்து ஏற்க நேர்ந்தது. ஆகவே பழம்பெருமையை நம்பிச் சேருங்கள் என்றும் சொல்லமாட்டோம்.

சிதம்பரமானாலும், நம் கடலூர் பெரியார் கலைக் கல்லூரியானாலும், வெளியூரானாலும் நேரில் போய்ப் பாருங்கள். கட்டடத்தையல்ல, சாயங்காலம் நூல்நிலையத்தைப் பாருங்கள். புத்தகம் பிள்ளைகள் கையில் இருக்கிறதா, பூட்டின அலமாரியில் இருக்கிறதா? எழுதின கட்டுரையைத் திருத்தித் தருகிறார்களா, அச்சடித்த நோட்டை மனப்பாடம் செய்யச் சொல்லுகிறார்களா? சோதனைச் சாலையில் பிள்ளை தன் கையால் செய்கிறதா, வேடிக்கை பார்க்கிறதா? இரண்டாம் வருஷத்துப் பிள்ளை ஒன்றைத் தனியே கூப்பிட்டு, "ஆசிரியர் சொன்னதைக் கடைசியாக எப்போது மறுத்துக் கேட்டாய்? அவர் என்ன செய்தார்?" என்று விசாரியுங்கள். பெண்களை ஆறு மணிக்கு விடுதியில் பூட்டிவிட்டு ஆண்களுக்கு மாத்திரம் நூல்நிலையம் திறந்திருந்தால், அது எத்தனை ஆயிரம் பேரைத் தள்ளினாலும் பாதிக் கல்லூரிதான்.

அடமானப் பத்திரம் எழுதுமுன், மகளையே கூட்டிக்கொண்டு போய் ஒரு நாள் முழுதும் இருந்து பார்த்து வரும்படி அந்தத் தோழருக்குச் சொல்லியிருக்கிறோம். அவரும் இக்கூட்டத்துக்கு வந்திருக்கிறார் என்றே நினைக்கிறோம். போய் வந்ததும் அவள் என்ன கண்டாள் என்பதை அவள் வாயாலேயே இங்கே சொல்லச் செய்ய வேண்டுமென்று அவரைக் கேட்டுக்கொள்கிறோம்.